சின்னப் பிள்ளைகளுக்கு மியூசியத்தில் என்ன வேலை?

"சின்னப் பிள்ளைகளுக்கு மியூசியத்தில என்ன வேல?"

மாமி போனில் இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. வாப்பா சிரித்துக்கொண்டே போனை உம்மாவிடம் நீட்டினார். "மகள்தான் இந்தப் பிளானப் போட்ட. அவகிட்டயே கேளுங்க மதினி" என்று உம்மா அதை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று சொல்லத் தெரியாமல் போன பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். மாமியும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர் என்பதால் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கடந்த தவணை விடுமுறையில் நடந்த கதை இது. வாப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு லீவு. அதுவும் எல்லா ஞாயிறும் கிடைக்காது. அப்படி ஒரு நாள் கிடைத்தால், வெள்ளவத்தையிலுள்ள பல குடும்பங்களைப் போல நாங்களும் ஏசி போட்ட கடைத்தொகுதி ஒன்றுக்குத்தான் போவோம். தம்பிமார் நகரும் படிக்கட்டில் நாலைந்து தரம் ஏறி இறங்குவார்கள். மேல்மாடியில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுவோம். வாப்பா பில்லைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். பிறகு வீடு திரும்பிவிடுவோம். இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மறுநாள் சின்னத் தம்பியிடம் "நேத்து என்ன பார்த்த?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பான்.

நூதனசாலைக்கு நான் முதன்முதலாகப் போனது ஐந்தாம் தரத்தில், புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு, அப்போது படித்த பாடசாலையின் சுற்றுலாவில். ஒரே நாளில் ஆறு இடங்கள். எனக்கு முன்னால் போன பிள்ளையின் பின்னலும், "கெதியா, கெதியா" என்ற குரலும்தான் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. மறுநாள் கொப்பியைக் காட்ட வேண்டும் என்பதால் பொருட்களைப் பார்க்காமல், பக்கத்திலிருந்த பலகைகளைப் பார்த்து எழுதிக்கொண்டே நடந்தேன். ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நூறு பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி இறக்கி, எண்ணி எண்ணிக் கூட்டிவருவது லேசான வேலையா? நான் சொல்ல வருவது வேறு. ஒரு பொருளுக்கு முன்னால் கால்மணி நேரம் நிற்கவும், "இது ஏன் இப்படி?" என்று கேட்கவும் பாடசாலைச் சுற்றுலாவில் நேரம் கிடைக்காது. அது குடும்பத்தோடு போனால்தான் நடக்கும். அதுவும் பிள்ளைக்கு ஆறு, ஏழு, ஒன்பது வயதாக இருக்கும்போதே நடக்க வேண்டும். பத்து வயதானால் புலமைப்பரிசில் வந்துவிடும். அதற்குப் பிறகு சாதாரண தரம், அப்புறம் உயர்தரம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே மறந்து போகும். எனக்கு மறந்து போய் இரண்டு வருடமாகிறது.

பெரிய தம்பிக்கு ஒன்பது வயது. அடுத்த வருடம் பரீட்சை. அன்றைக்கு அவனுக்கு ஒரு வகுப்பு இருந்தது. அதை விடுவதா இல்லையா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. "ஒரு வகுப்புத்தானே" என்று வாப்பா முடிவாகச் சொன்னதும் அவன் கட்டிலில் ஏறிக் குதித்த குதியில் ஒரு சட்டம் கழன்றது.

காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கரையோர ரயிலில் போகாத கொழும்புப் பிள்ளைகள் இருந்தால் உடனே கூட்டிப் போங்கள். ஒரு பக்கம் முழுவதும் கடல்தான். பம்பலப்பிட்டி தாண்டும்போது அலைத்துளி ஜன்னலுக்குள் வந்தது என்று சின்னத் தம்பி சத்தியம் செய்தான். அவனுக்கு ஆறு வயது. அவனுடைய சத்தியத்தை அப்படியே எடுக்க வேண்டாம். கொள்ளுப்பிட்டியில் இறங்கி, இரண்டு வயதுத் தங்கச்சியின் தள்ளுவண்டி, பால்போத்தல், சோற்றுப் பார்சல் எல்லாவற்றோடும் ஓட்டோவில் ஏறினோம்.

நூதனசாலையின் வெள்ளைக் கட்டடத்தையும் முன்னாலிருக்கும் பெரிய ஆலமரத்தையும் பார்த்ததும் பெரிய தம்பி, "இது யார்ட வீடு?" என்றான். நல்ல கேள்வி. அதற்காகவே நான் ஒரு கதை வைத்திருந்தேன்.

இந்த நூதனசாலையைத் தொடங்கியவர் ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி. திறக்கப்பட்டது 1877 ஜனவரி 1ஆம் திகதி. வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற ஆங்கிலேயருடையது. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்சி மரிக்கார் என்ற கொழும்பு முஸ்லிம். வேலை முடிந்த பின்னர் ஆளுநர் அவரிடம், "உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?" என்று கேட்டாராம். வாப்சி மரிக்கார் பட்டம் கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவையுங்கள் என்றாராம். அது ஜும்ஆவுடைய நாள். ஆளுநரும் ஒப்புக்கொண்டார். நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கதவு மூடியே இருந்தது. இப்போது அப்படி இல்லை.

வாசலில் கிரகரியின் சிலை நிற்கிறது. வாப்சி மரிக்காரைப் பற்றி நம்முடைய பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது பெரிய தம்பி கொஞ்ச நேரம் சுவரைத் தடவிப் பார்த்தான். பிறகு, "அப்ப இது நம்மட ஆள் கட்டின" என்றான். "நம்மட ஆள்" என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நம்முடைய ஆள் கட்டியது என்பதால் மட்டும் ஓரிடம் நம்முடையதாகிவிடாது. நம்முடைய ஆள் கட்டாத இடமும் நம்முடையதுதான். ஆனால் ஒன்பது வயதில் ஒரு கதவைத் தள்ளித் திறக்க அந்தச் சொல் உதவியது என்பதால் நான் அவனைத் திருத்தவில்லை.

உள்ளே போவதற்கு முன்னர் இரண்டு சட்டம் போட்டோம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைத் தெரிவு செய்ய வேண்டும். யாராவது "களைச்சிட்டேன்" என்றால் உடனே வெளியே வர வேண்டும். எல்லா அறைகளையும் பார்த்து முடிப்பது எங்கள் நோக்கம் அல்ல. பெற்றோர் பலர் சறுக்குவது இங்குதான் என்று நினைக்கிறேன். டிக்கட் எடுத்துவிட்டோம் என்பதற்காக ஒரு அறையும் விடாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தால், அது அழத்தான் செய்யும். பிறகு "மியூசியம் சரிவராது" என்று தீர்ப்பு வந்துவிடும். டிக்கட் விலையும் அப்படிப் பதறும் விலை அல்ல. கடைத்தொகுதியில் வாங்கும் ஒரு பெரிய பீட்சாவின் விலையைவிட மிகக் குறைவு.

வாப்பா கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தைத் தெரிவு செய்தார். அது ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குக் கொடுத்த அன்பளிப்பு. 1815இல் கண்டி வீழ்ந்த பின்னர் ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். 1934இல்தான் திரும்பி வந்தது. பெரிய தம்பிக்குப் பீரங்கி. சின்னதாக, வெண்கலத்தில், பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் பதித்த பீரங்கி. ஒல்லாந்தர் 1765இல் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் சென்று, 2023 டிசம்பரில் நெதர்லாந்து அரசு திருப்பிக் கொடுத்த ஆறு பொருட்களில் அதுவும் ஒன்று. "258 வருசம்" என்று அவன் மனக்கணக்கில் சொன்னான். வகுப்புக்குப் போகாத குறை அதோடு தீர்ந்தது. பிறகு சின்னவனைத் திரும்பிப் பார்த்து, "நீ எடுத்த என்ட பென்சிலை இண்டைக்கே தந்துடு" என்றான்.

சின்னத் தம்பி தெரிவு செய்ததுதான் எங்கள் எல்லோரையும் அதிக நேரம் நிற்க வைத்தது. அது ஒரு கல். பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் பளபளப்பில்லை. அவன் அதன் முன்னால் குந்தியிருந்து, "ராத்தா, இது நம்மட ஓதுற எழுத்து!" என்று கத்தினான். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. யாரோ அதைக் கவிழ்த்துப்போட்டு, ஒரு மதகுக்கு மூடியாக வைத்திருந்தார்களாம். எத்தனை பேர் அதன்மேல் நடந்திருப்பார்கள்! 1409ஆம் ஆண்டு திகதியிட்டு, சீனாவில் பொறித்து, செங் ஹே என்ற கடற்படைத் தளபதி கப்பலில் கொண்டு வந்த கல். செங் ஹே யுனான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவுந்தரையிலிருந்த தேனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கின்றன. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்து போயிருக்கிறது. அது அல்லாஹ்வைப் போற்றுவதாகப் படித்தறிந்தவர்கள் சொல்கிறார்கள். பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் இருக்கிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று எண்ணிக்கையோடு.

குர்ஆன் மத்ரஸாவில் எழுத்துப் பழகும் பிள்ளைக்குப் பாரசீகம் வேறு, அரபு வேறு என்பது தெரியாது. அவனுக்கு ஒரு அலிஃப் தெரிந்தது. அவ்வளவுதான். உடனே பெரியவன் தமிழ்ப் பக்கத்தில் தனக்கொரு "ப" கிடைத்துவிட்டதாகச் சொன்னான். யார் முதலில் கண்டது என்று சண்டை. அறுநூறு வருடப் பழைய கல்லுக்கு முன்னால் இருவரும் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் தமிழும் மறு கையில் அரபெழுத்தும் பிடித்துக்கொண்டு வளரும் நம்முடைய பிள்ளைகளுக்கு, இரண்டையும் ஒரே கல்லில் காண்பது எப்படிப்பட்ட விஷயம் என்று ஒரு பெரியவர் விளக்கத் தேவையில்லை. பார்த்தாலே போதும்.

"ஏன் மூணு பாஷையில எழுதினாங்க?" என்று கேட்டான் பெரியவன். நான் வரலாறு படிக்கும் மாணவி என்ற தோரணையில் தொண்டையைச் செருமினேன். வாப்பா முந்திக்கொண்டார். "எங்கட கடை போர்ட் ஏன் மூணு பாஷையில ஈக்கிது? வாற எல்லாரும் வாசிக்கத்தானே." எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் வாசித்ததில்லை.

"அப்ப அவர் நல்லவரா?" என்றான் சின்னவன். அதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. மூன்று சமயங்களுக்கும் காணிக்கை கொடுத்த அதே செங் ஹே, 1411 அளவில் இங்கே போர் செய்து, அழகேஸ்வரன் என்ற ஆட்சியாளனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார். அதையும் சொன்னேன். சின்னவன் நெற்றியைச் சுருக்கினான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது விளங்காது என்று சொல்வார்கள். பென்சிலைத் தருவதும் அவன்தான், எடுப்பதும் அவன்தான். அவனுக்கு விளங்காமல் போகுமா?

இடையில் ஒரு முறைப்பாடும் உண்டு. அந்த விடுமுறையில் நாங்கள் பார்த்த காட்சிக்கூடங்களில் ஒன்றில், எது என்று சொல்லப்போவதில்லை, தமிழ்ப் பலகையில் இருந்த ஒரு சொல்லைத் தம்பி மூன்று தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை. அவன் தன்மீதுதான் பிழை என்று நினைத்து வெட்கப்பட்டான். பிழை பலகையில். எழுத்துப் பிழையால் ஒரு பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. இதை அந்தந்த இடத்து முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதும் பழக்கம் நமக்கு வர வேண்டும். நான் எழுதிவிட்டு வந்தேன்.

இனி நான் வெட்கப்பட வேண்டிய பகுதி.

முகமூடிகள் இருக்கும் பகுதிக்கு வந்ததும் தங்கச்சி அலறினாள். பிதுங்கிய கண்களும் நீட்டிய பற்களும் உள்ள முகங்கள். இரண்டு வயதுப் பிள்ளை அலறாமல் என்ன செய்யும்? உம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நாங்கள் தொடர்ந்து பார்த்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உம்மாவும் ஒரு பொருளைத் தெரிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. சட்டம் போடும்போது வாப்பாவைக் கேட்டேன், தம்பிமாரைக் கேட்டேன். உம்மாவைக் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். மரநிழலில் உம்மா பைகளுக்கு நடுவே இருந்தார். பால்போத்தல் பை, சோற்றுப் பை, மாற்றுடுப்புப் பை. தங்கச்சி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, நீங்க இதுக்கு முந்தி உள்ளுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல மகள்."

"ஒரு தரமும்?"

"நாப்பத்திரண்டு வருசமா இந்தக் கொழும்பிலதான் ஈக்கிறன். சின்ன வயசில ஒருத்தரும் கூட்டிப் போகல்ல. பொறகு நீங்கல்லாம் பொறந்துட்டீங்க."

கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தைக்கு வாழ்க்கைப்பட்டவர் என் உம்மா. இந்தக் கட்டடத்துக்கு எத்தனையோ தரம் பக்கத்தால் போயிருப்பார். நான் தங்கச்சியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, டிக்கட்டை அவர் கையில் வைத்தேன். "நான் தனியப் போய் என்ன செய்ய?" என்றார். "பாருங்க உம்மா. வேறென்ன?" ஹபாயாவைச் சரிசெய்துகொண்டு, இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, படியேறினார்.

தம்பிமாரை வாப்பா பக்கத்திலிருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குத் திமிங்கில எலும்புக்கூடு காட்டக் கூட்டிப் போனார். நான் நிழலில் இருந்தேன். அரைமணி நேரம் போனது. ஒரு மணியும் ஆகப்போனது. உம்மா வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. கை மரத்துப் போயிருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை தூக்கத்தில் எவ்வளவு பாரம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வந்தவர் கிரீடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாக்குவெட்டி பார்த்தேன் மகள். உம்மம்மாட பாக்குவெட்டி மாதிரியே ஈக்கிது. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தக் கதிரையில இருந்த ராஜாட பொஞ்சாதி எங்க இருந்திருப்பா?" என்று கேட்டார். உயர்தர வகுப்பில் மூன்று தவணை வரலாறு படித்த எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை.

பெற்றோரே, குறிப்பாக வாப்பாமாரே, அடுத்த தரம் எங்காவது குடும்பமாகப் போகும்போது, யார் உள்ளே போகிறார், யார் பைகளோடு வெளியே இருக்கிறார் என்று ஒரு தரம் பாருங்கள். மூத்த பிள்ளைகளான என் தோழியரே, நமக்கும்தான். மடி மாறினால் போதும். பெரிய செலவொன்றும் இல்லை.

பகல் சாப்பாடு விகாரமகாதேவி பூங்காவில். இடம்பிடித்து, பார்சலை அவிழ்த்து, காகத்தை விரட்டி, மீன்பொரியலில் பாதியைக் காகத்துக்கே கொடுத்தோம். அதற்குப் பிறகு புறக்கோட்டைக்கு பஸ்.

ஞாயிறு பின்னேரம் புறக்கோட்டையில் நெரிசல் குறைவு. இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அல்பர், நாம் சொல்லும் சிவப்புப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர். மாதுளம்பழம் போலிருக்கும் அந்தக் குவிமாடங்களை வைத்துத்தான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர் கொழும்பை அடையாளம் கண்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வாப்பா அசர் தொழுதுவிட்டு வந்து, "இருபது வருசமா இங்க தொழுறன், இண்டைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன்" என்றார். அங்கிருந்து நடந்து, கேமன்ஸ் கேட் அருகிலுள்ள பழைய நகர மண்டபத்தைத் தாண்டினோம். 1873இல் கட்டிய அதுவும் வாப்சி மரிக்காரின் கைவேலை என்றதும் பெரிய தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. வீதியில் காணும் பழைய கட்டடமெல்லாம் அவர் கட்டியதா என்று கேட்கத் தொடங்கிவிட்டான். செட்டியார் தெருவின் கோயில்களையும் அவர் கணக்கில் சேர்க்கப் பார்த்தான். அதை மட்டும் திருத்தினேன்.

கொட்டாஞ்சேனையில் உம்மம்மாவின் வீட்டுக்குப் போகும் வழி கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தைத் தாண்டித்தான். இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் நான் சொல்லும் மற்றவையெல்லாம் பாதியாகிவிடும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி எனக்கு வயது பதினொன்று. உயிர்த்த ஞாயிறு. உம்மம்மா வீட்டு யன்னல் அதிர்ந்ததாகப் போனில் சொன்னார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் போன் எடுக்கவில்லை. மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் உம்மா பல வாரங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. போனபோதும் ஓட்டோவில், தலையைக் குனிந்துகொண்டு. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் குனிந்துகொண்டுதான் போனார். இதை அனுபவித்த உம்மாமார் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

அன்று நாங்கள் நடந்து வந்தோம். தேவாலயத்துக்கு முன்னால் சின்னத் தம்பி நின்றுவிட்டான். "இங்கதானே குண்டு வெடிச்ச?" என்று சத்தமாகக் கேட்டான். அவன் பிறப்பதற்கு முந்திய சம்பவம். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எனக்கு உடம்பு கூசியது. அவன் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன்.

உம்மா என்னைத் தடுத்தார். குனிந்து அவன் முகத்துக்கு நேராக, "ஓம் வாப்பா. உள்ளுக்கு வணங்கிக்கிட்டு இருந்த சனம். பிள்ளைகளும் இருந்தாங்க" என்றார்.

"யார் செஞ்ச?"

"நம்மட மார்க்கத்தின்ட பேரைச் சொல்லிக்கிட்டு செஞ்சாங்க. பெரிய அநியாயம் அது. மார்க்கத்தில அப்படி இல்ல."

அவன் தலையாட்டினான். மெழுகுதிரி விற்கும் அம்மா ஒருவர் தள்ளுவண்டி போவதற்காகத் தன் முக்காலியை நகர்த்தி வைத்தார். வேறொன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் அங்கு வந்து வீதி நிறைந்திருக்கும் என்று உம்மா நடந்துகொண்டே சொன்னார்.

இந்தக் கேள்வியை அவன் என்றைக்காவது கேட்கத்தான் போகிறான். வகுப்பில், பஸ்ஸில், யாரோ முறைத்துப் பார்க்கும்போது. அன்றைக்கு யார் என்ன பதில் சொல்வார்களோ. அந்தப் பதிலை அந்த வீதியிலேயே, உம்மாவின் வாயால் அவன் கேட்டான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்று நாம் மறைத்துவிடும் விஷயங்கள் அவர்களுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றன.

உம்மம்மா வீட்டில் தேத்தண்ணியும் ரொட்டியும் காத்திருந்தன. உம்மா போனதும் முதல் வேலையாக வெற்றிலைத் தட்டத்திலிருந்து பாக்குவெட்டியை எடுத்துத் தம்பிமாருக்குக் காட்டினார். சின்னவன் அதை ஒரு பிஸ்கட் டின்னின் மேல் வைத்து, என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதி முன்னால் வைத்தான்: "உம்மம்மாட பாக்குவெட்டி. தொட வேண்டாம்." மஃரிப் வரைக்கும் உம்மம்மாவுக்கு வெற்றிலை இல்லை. ஒவ்வொரு தரமும் அவனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பாக்குவெட்டி எப்போது, யார் கொடுத்தது என்று பெரியவன் விசாரித்தான். தன் கலியாணத்துக்கு மாமியார் கொடுத்தது என்று உம்மம்மா சொன்னார். அந்த மாமியாரின் பெயரை நானே அன்றுதான் முதல் தரம் கேட்டேன்.

திரும்பும்போது பஸ் காலி முகத்திடலைத் தாண்டியது. இருட்டில் இறால் வடைக் கடைகளின் விளக்குகள். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் இந்த நடைபாதையை முடித்தபோது வைத்தது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய இடமாக இதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களிடம் அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆளுநர் யாரை மனதில் வைத்துக் கேட்டாரோ தெரியாது, கொட்டாஞ்சேனை உம்மம்மாமாரை நினைத்திருக்க மாட்டார். பரவாயில்லை. கல்லில் எழுதியிருக்கிறது, நாம் எடுத்துக்கொள்ளலாம். உம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். மடியில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளையோடு தூங்கிவிட்டிருந்தார்.

அன்றிரவு மாமி மறுபடியும் போன் எடுத்தார். பிள்ளைகள் அலுத்துப் போகவில்லையா என்று கேட்டார். இந்தத் தரம் உம்மாதான் போனை வாங்கினார். சிம்மாசனம், பீரங்கி, மும்மொழிக் கல், பாக்குவெட்டி என்று அரைமணி நேரம் போனது. வாப்பா சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். கடைசியில் உம்மா சொன்னது குசினி வரை கேட்டது.

"அடுத்த தரம் நீங்களும் வாங்க மதினி. நான் உள்ளுக்குக் கூட்டிப் போறன்."

மாமி இன்னும் பதில் சொல்லவில்லை.